நாயனா பிள்ளையின் வாரிசுகள் யார்?

கர்நாடக சங்கீதத்தின் அறிவு அம்சம் முழுவதும் லய விவகாரத்திலேயே குடிகொண்டிருக்கிறது என்றும், கீர்த்தனை என்பது முன்னோர் விட்டுப்போன பக்தியின் மிச்சமே என்றும், கோர்வையிலும் நடை மாற்றத்திலும் தேர்ச்சி காட்டாதவர் வித்வானே அல்லர் என்றும் ஒரு கொள்கை இளம் ரஸிகரிடையே இப்போது செல்வாக்குடன் உலவி வருகிறது. இக்கட்சியினர் தங்கள் மூலபுருஷராகச் சுட்டுவது காஞ்சீபுரம் நாயனா பிள்ளையை. அந்த மகாவித்வானுக்கு இதைவிடப் பெரிய அநீதி இழைக்க முடியாது என்பது என் துணிபு.

லயத்துக்கும் பாட்டுக்கும் பகை என்பது நம் மரபு அறியாத செய்தி. 15ஆம் நூற்றாண்டிலேயே அருணகிரிநாதர், சந்தத்தின் சிக்கலையும் பாட்டின் உருக்கத்தையும் ஒரே மூச்சில் நமக்குத் தந்துவிட்டார். பொப்பிலி கேசவய்யா சிம்மநந்தன தாளத்தைக் காட்டி அறைகூவ, சியாமா சாஸ்திரிகள் சரபநந்தன தாளத்தால் அவரை வென்றார் என்று கர்ணபரம்பரையாக ஒரு கதை உண்டு. அந்தத் தாளத்தை இன்று எத்தனை பேர் போடுகிறார்கள்? போட்டிக்கு முன் அம்பாளிடம் முறையிட்டு அவர் பாடியதாகச் சொல்லப்படும் சிந்தாமணி ராகக் கிருதி மட்டும் இன்றும் வாழ்கிறது. அவருடைய லய மேதையை அறிய விரும்புவோர் பூர்விகல்யாணியில் அமைந்த ‘நின்னு வினாக மரி’யைக் கேட்கலாம். மூன்றும் நான்குமாக நடக்கும் மிச்ர சாபுவை நான்கும் மூன்றுமாகத் திருப்பி வைத்த விலோம சாபு அது. பழக்கமில்லாத கை தடுமாறும், ஆயினும் காதில் விழுவது ஒரு பிள்ளையின் கெஞ்சல்தான்.

இடையில் வந்த மகா வைத்தியநாதையர் முதலியோரைக் கடந்து நாயனா பிள்ளைக்கு வருகிறேன். 1889இல் பிறந்து 1934இல் மறைந்தவர். தாய் காமாட்சி அம்மாளும் அவர் சகோதரி தனகோடி அம்மாளும் பாடகிகள். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று முழுப் பக்கவாத்தியமும் சூழ அமர்ந்து, அத்தனை லய வித்வான்களையும் ஒருவராக எதிர்கொண்டு பல்லவி பாடிய அவருடைய ஆண்மையைப் பற்றிய கதைகள் ஏராளம். ஆனால் அவர் காஞ்சியில் ஆண்டுதோறும் தியாகராஜ உற்சவம் நடத்தியவர் என்பதையும், கீர்த்தனைச் செல்வத்தைத் திரட்டிக் காத்துச் சீடர்களுக்கு வழங்கியவர் என்பதையும் கதை சொல்வோர் மறந்துவிடுகிறார்கள். காரணம் எளிது. அவர் குரல் இசைத்தட்டில் ஏறவில்லை. கணக்கைக் காகிதத்தில் எழுதலாம், திண்ணையில் உட்கார்ந்து சொல்லலாம். குரலின் குழைவை எழுதவும் முடியாது, சொல்லவும் முடியாது. ஆகவே சொல்லக்கூடிய பாதி புராணமாக வளர்ந்தது. சொல்ல முடியாத பாதி அவரோடு மறைந்தது.

முற்றும் மறைந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. சௌக்கிய சங்கீதத்தின் உறைவிடம் என்று எல்லாரும் கை கூப்பும் வீணை தனம்மாளின் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் யாரிடம் பாடம் கற்றார்கள்? லய சிம்மம் என்று லயக் கட்சியினர் கொண்டாடும் அதே நாயனா பிள்ளையிடந்தான். நறுக்குத் தெறித்தாற்போல் பல்லவி பாடிய சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும் அவர் சீடரே. காஞ்சியில் அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்த டி.கே. பட்டம்மாள், பெண்களுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டிருந்த பல்லவியை மேடையேற்றினார். பாரதியின் பாடல்களை ஊரெல்லாம் கேட்கச் செய்தவரும் அவரே. ஒரே ஊற்றிலிருந்து இத்தனை வாய்க்கால்கள் பிரிந்திருக்க, ஒன்றை மட்டும் ஊற்று என்று சாதிப்பது நியாயமாகுமா? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பல்லவியைச் சுருக்கி, உருப்படிகளைப் பெருக்கிக் கச்சேரிக்கு ஒரு புது வடிவம் அளித்தபோது, அதை நாயனா பிள்ளைக்கு மறுப்பாகக் கருதியவர்களும் இதே பிழையைத்தான் செய்தார்கள்.

இனி இன்றைய மேடைக்கு வருவோம். ஆதி தாளத்தில் சதுசிர நடையில் ஓர் ஆவர்த்தத்துக்கு 32 மாத்திரை. ஐந்து மாத்திரைச் சொற்கட்டு ஒன்றை மும்முறை வைத்து, இடையே ஒவ்வொரு மாத்திரை கார்வை விட்டால் 17 ஆகிறது. 15 மாத்திரை கழித்து எடுத்தால் சமத்தில் வந்து பொருந்தும். பள்ளிச் சிறுவன் போடும் கூட்டல் இது. இதைவிட நூறு மடங்கு சிக்கலானவற்றை நம் இளைஞர்கள் அநாயாசமாகச் செய்கிறார்கள், அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் ராகம் சஹானா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஆரோகணத்தில் பஞ்சமத்தைத் தொட்டபின் மத்யமத்துக்கு இறங்கித்தான் தைவதத்துக்கு ஏற வேண்டும். அந்தத் தயக்கத்தில்தான் சஹானாவின் கண்ணீர் இருக்கிறது. ஐந்தைந்தாக நறுக்கிய வேகத்தில் ‘கமபதநி’ என்று நேர்படியாக ஏறிவிட்டால் சமம் தப்பாது, கைதட்டலும் தப்பாது. சஹானா மட்டும் அங்கே இல்லை.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதன்று. ஒரகடம் ஆலைகளுக்கு ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும் இசையில் டெக்னிகல் டெத் மெட்டல் என்று ஒரு வகை உண்டு. அதன் கடுமையைக் கண்டு முகஞ்சுளிக்காமல் கேட்டேன். அமெரிக்காவில் ‘டெத்’ என்ற குழுவை நடத்திய சக் ஷுல்டினர், 1991இல் வெளிவந்த ‘ஹ்யூமன்’ தொகுப்பில் ஷான் ரைனர்ட்டின் அபாரமான டிரம்ஸ் வாசிப்பைப் பாட்டின் கட்டுக்கோப்புக்குள் நிறுத்தினார். பின்வந்த குழுக்கள் பல வேகத்தில் அவரைத் தாண்டிவிட்டன. ஆனால் கேட்டு முடித்தபின் வாய்க்குள் முணுமுணுக்க அவற்றில் ஒரு வரி மிஞ்சுவதில்லை.

கடுமையான நியமம் பாட்டைக் கொல்லும் என்பதல்ல என் கட்சி. கோடீஸ்வர ஐயர் 72 மேளகர்த்தாக்களுக்கும் தமிழில் கீர்த்தனை செய்வதென்று தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விரதத்தைவிடக் கடுமையான நியமம் உண்டா? அவர் அதைக் கணக்கு வித்தையாகக் காட்டாமல், முருகனிடம் பேசும் பேச்சாகச் செய்து வைத்தார், அதனால் பாடப்படுகிறார். நம் இளம் லய மேதைகள் தங்கள் கணக்கைப் புதிய கீர்த்தனைகளின் அநுபல்லவியிலும் சரணத்திலும் கொண்டுபோய் வைக்கட்டும். பல்லவிக்குப் பரிசளிக்கும் சபைகள், அந்தக் கீர்த்தனைகளை மூன்று ஆண்டுகள் கழித்து வேறொருவர் விரும்பி எடுத்துப் பாடுகிறாரா என்று பார்த்து, அதற்கும் ஒரு பரிசு வைக்கட்டும். முதல் பரிசைக் காஞ்சீபுரத்தில், நாயனா பிள்ளையின் பெயராலேயே வழங்கட்டும்.