வாசலைத் தாண்டிய பிறகு

நோர்மன் ராக்வெல்லின் அந்த ஓவியத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் கவுன் போட்ட கறுப்பினச் சிறுமி, கையில் நோட்டும் ரூலரும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு மார்ஷல்கள். அவர்களின் தலை படத்துக்குள் வரவில்லை. சுவரில் ஒரு வசைச்சொல், எறிந்த தக்காளியின் கறை. 1960 நவம்பர் 14 அன்று நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளிக்குப் போன ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ்தான் அவள். ஓவியம் வந்தது 1964இல்.

நல்ல ஓவியம்தான். ஆனால் பள்ளி வாசலுக்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. உள்ளே என்ன நடந்தது? வெள்ளைப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஆண்டின் பெரும்பகுதி, பார்பரா ஹென்றி என்ற ஆசிரியையிடம் ரூபி தனியாகவே படித்தாள்.

தமிழில் அந்த 'உள்ளே'யை எழுதிய புத்தகம் என்று பாமாவின் 'கருக்கு'வைச் சொல்வேன் (1992). இதில் வரும் பிள்ளைக்கு மார்ஷல் தேவைப்படவில்லை. பள்ளிக்கதவு திறந்தே இருக்கிறது. நன்றாகவும் படிக்கிறாள். பிரச்சினை அதற்குப் பிறகுதான். விளையாட்டில் தற்செயலாக விழுந்த ஒரு தேங்காய்க்காகத் தலைமையாசிரியர் அவளைத் திருடி என்று எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்துகிறார். இன்னொரு இடத்தில், அரசு தனி டியூஷன் ஏற்பாடு செய்திருக்கிறது, ஹரிஜன மாணவர்கள் எழுந்து நிற்கணும் என்கிறார்கள். வகுப்பில் ஏளனச் சலசலப்பு. அந்த டியூஷனே வேண்டாம் என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறாள்.

இதை வீரம் என்று மட்டும் வாசித்தால் பாதியைத் தவறவிடுவோம். அவளுக்குச் சேர வேண்டிய ஒன்றை அந்தச் சலசலப்பு பிடுங்கிக்கொண்டது. கொடுத்த மாதிரியும் ஆச்சு, கிடைக்காத மாதிரியும் ஆச்சு.

நான் சிலிபினில் வளர்ந்தவன். இடைநிலைப் பள்ளியில் ஒரு ஆசிரியர், உதவிப்பணம் வாங்குற ஏழைப் பிள்ளைங்கள வகுப்பு முன்னாடி பேர் சொல்லி எழுப்புவார். நானும் நின்றேன், பணத்தையும் வாங்கினேன். அதில் வாங்கிய சப்பாத்தை ஒரு நாளும் ஆசையாகப் போட்டதில்லை. ஆனாலும் பாமா பட்டதை நானும் பட்டேன் என்றால் அது பொய். ஏழ்மை எனக்கு முதல் சம்பளத்தோடு கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. சாதி அப்படி விலகாது. தோட்டத்தை விட்டு வந்து இரண்டு தலைமுறை ஆன பிறகும், எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சில் "அவங்க என்ன ஆளுங்க?" என்று யாராவது தாழ்ந்த குரலில் கேட்கத்தான் செய்கிறார்கள்.

'கருக்கு' சொன்னதையே திரும்பச் சொல்கிறது, கால வரிசை இல்லை என்று ஒரு குறை உண்டு. முதல் வாசிப்பில் எனக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. இரண்டாவது வாசிப்பில் புரிந்தது: அவமானம் வரிசைப்படி ஞாபகத்துக்கு வருவதில்லை. சோறு சாப்பிடும்போதும் வரும், பஸ்ஸில் போகும்போதும் வரும். பாமாவின் பேச்சுத் தமிழும் அதற்கு ஏற்ற மாதிரியே சுற்றிச் சுற்றி வருகிறது. ஒழுங்குபடுத்தியிருந்தால் சாட்சியம் அறிக்கையாகச் சுருங்கியிருக்கும்.

"இப்பதான் எல்லாரும் ஒரே ஸ்கூல்ல படிக்கிறாங்களே, இன்னும் என்ன?" என்று கேட்கும் நண்பர் நமக்கெல்லாம் ஒருவராவது இருப்பார். அவரிடம் வாதாட வேண்டாம். ஓவியத்தைக் காட்டிவிட்டு, இந்தப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.