உள்ளோரும் வந்தோரும்: புத்தளத்தில் ஒரு கோட்பாட்டின் எல்லை

பிறநாட்டிலே தோன்றிய சமூகவியற் கோட்பாட்டை நம் சமூகத்துக்குப் பொருத்துமிடத்து, அது எதனை விளக்குகின்றது என்பதோடு எதனை மறைக்கின்றது என்பதும் நோக்கப்படல் வேண்டும். புத்தளக் கரையோரம் இதற்குத் தக்க சான்றாகும்.

1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடும் நிலமும் இழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் கற்பிட்டி, புத்தளம் முதலிய இடங்களிலே தஞ்சம் புகுந்தனர். அங்கு முன்னரே வாழ்ந்த முஸ்லிம்களும் இவர்களும் சமயத்தாலும் மொழியாலும் ஒன்றுபட்டவர்கள். இனக்குழுக்களின் உறவு தொடர்பு, போட்டி, இணங்கிப்போதல், தன்மயமாதல் என்னும் படிகளிற் செல்லும் என்றார் றொபேட் பார்க். அவ்வாறாயின், இவ்விரு சாராரும் விரைவிலே கலந்திருத்தல் வேண்டும். ஆனால் ‘அகதி’ என்னும் பெயர் இரண்டாந் தலைமுறையையும் தொடர்ந்தது.

நோபேட் எலியாசும் ஜோன் ஸ்கொட்சனும் 1965இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்துத் துணைபுரிகின்றது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு அண்மையில், இனத்தாலும் மொழியாலும் வர்க்கத்தாலும் வேறுபடாத தொழிலாளரிடையே, முன்வந்தோர் பின்வந்தோரைத் தாழ்த்தியமையை அவர்கள் கண்டனர். நெடுநாட் பழக்கத்தால் விளைந்த ஒற்றுமையே முன்வந்தோரின் வலிமை. புறங்கூறலே அவர்தம் கருவி. வேற்றுமை இல்லாதவிடத்தும் எல்லை தோன்றும் என்னும் இவ்வுண்மை புத்தளத்துக்கும் பொருந்தும்.

எனினும் கோட்பாட்டை முழுமையாக ஏற்றல் இயலாது. லெஸ்டர்ப் பகுதிக்குப் போர்க்காலத்தில் இலண்டனிலிருந்து வந்தோர் தம் தொழிற்சாலையுடன் வந்தனர். புத்தளத்துக்கு வந்தோர் வெறுங்கையுடன் வந்தனர். அவர்களை முதலில் வரவேற்று உணவும் உறையுளும் அளித்தவர்கள் உள்ளூர் மக்களே. கூலிக்கும் நிலத்துக்கும் பாடசாலைக்கும் போட்டி பின்னரே முற்றியது. நிவாரணப் பட்டியல் வந்தோரைத் தனியே பிரித்தது. பலரின் வாக்குப்பதிவு வடக்கிலேயே இருந்தது. ‘இடம்பெயர்ந்தோர்’ என்னும் நிர்வாக வகைப்பாடே பிரிவினை நிலைநிறுத்தியது என்பதைக் கத்ரின் புரூண் 2003இல் எழுதிய கட்டுரையிற் சுட்டியுள்ளார். ஆக, இங்கு எல்லையை வரைந்தது ஊரார் நாவன்று, எழுத்தரின் பதிவேடு.

2009இல் போர் முடிந்தபின் வடக்குக்குத் திரும்பியோருட் சிலர் தம் பிறந்த மண்ணிலேயே புதியோராக நோக்கப்பட்டனர். வாழ்ந்த காலத்தின் நீட்சி ஒன்றே உரிமையை உறுதிசெய்வதில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

உள்ளோர், வந்தோர் என்னும் இருவரை மட்டும் நோக்கும் ஆய்வாளன், விரட்டியோரையும் வகைப்படுத்திய அரசையும் களத்துக்கு வெளியே நிறுத்திவிடுகின்றான். முடிவில், தஞ்சமளித்தோரே குற்றவாளிகளாகத் தோன்றுவர். எலியாசின் கோட்பாட்டை நாம் பயன்படுத்தலாம். ஆயின் அவர் காணாத அம்மூன்றாமவரையும் அதனுள் அமர்த்திய பின்னரே பயன்படுத்துதல் வேண்டும்.