நின்றுபோன காலம் யாருடையது?

கார்லோ லேவி 1945இல் வெளியிட்ட 'கிறிஸ்து எபோலியில் நின்றுவிட்டார்', இத்தாலிய மலையூர் ஒன்றைப் பற்றிய நினைவுநூல்களில் தலைசிறந்தது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் நூலின் நடுத்தூணாக நிற்கும் வாதம் தவறானது. அது தவறு என்பதற்கான சான்றுகளை லேவியே பக்கம் பக்கமாகத் தந்திருக்கிறார். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் நூலைக் கொண்டாடினால், அதில் வரும் ஏழைகளுக்கு அநீதி செய்தவர்களாவோம்.

லேவி 1902இல் தூரின் நகரில் பிறந்த யூதர். மருத்துவம் படித்துவிட்டு ஓவியராக வாழ்ந்தவர். பாசிச எதிர்ப்புக்காக 1935இல் கைதாகி, தெற்கே லூக்கானியாவின் கிராசானோவிலும் பிறகு அலியானோவிலும் காவலில் இருக்குமாறு அனுப்பப்பட்டார். நூலில் அலியானோவின் பெயர் காலியானோ. மழையில் அரித்துப்போன களிமண் சரிவுகளுக்கு மேலே தொற்றிக்கொண்டிருக்கும் ஊர் அது. கீழே பள்ளத்தாக்கில் மலேரியா. அபிசீனியப் போரில் அடிஸ் அபாபா விழுந்ததைக் கொண்டாட அரசு அளித்த பொதுமன்னிப்பில், 1936 மே மாதம் அவர் விடுதலையானார்.

நூலின் மைய வாதம் இதுதான்: இந்த விவசாயிகள் வரலாற்றுக்கு வெளியே வாழ்கிறார்கள், காலம் இங்கே நகர்வதில்லை, ரோமாபுரியும் திருச்சபையும் அரசும் இவர்களைத் தொடாமலே கடந்துபோயின. படிக்கும்போது மனத்தை அள்ளும் கூற்று. ஆனால் அவரே எழுதியிருக்கும் ஒரு குடிசைக்குள் நுழைந்து பாருங்கள். கட்டிலுக்கு மேலே சுவரில் இரண்டு படங்கள் தொங்குகின்றன: ஒன்று வியஜ்ஜானோவின் கருமுக மாதா, மற்றொன்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட். மன்னரும் இல்லை, முசோலினியும் இல்லை. ஊரில் இருப்பவர்கள் ஆயிரத்து இருநூறு பேர், ஊரைவிட்டு அமெரிக்கா போனவர்கள் இரண்டாயிரம் பேர் என்று லேவி கணக்குச் சொல்கிறார். 1929இல் திரும்பி வந்து அகப்பட்டுக்கொண்டவர்கள் அந்த வருடத்தைச் சபிக்கிறார்கள். ஆட்டுக்கு வரி போட்டதும், கட்ட வழியில்லாமல் தம் ஆடுகளைத் தாமே வெட்டுகிறார்கள். உலகச் சந்தையின் வீழ்ச்சியும் அரசின் வரியும் நேராக அடுப்படி வரை வந்து அடிக்கும் ஊர் எப்படி வரலாற்றுக்கு வெளியே இருக்க முடியும்? வரலாற்றின் அடி முதலில் விழுந்த இடமல்லவா அது!

நூலின் மிக உயர்ந்த பகுதியும் இதற்கே சாட்சி. லேவி வைத்தியம் பார்க்கக் கூடாது என்று மேலிடம் தடை விதிக்கிறது. ஒரு விவசாயி வயிற்று நோவால் துடிக்கிறார். அனுமதிக்காகக் காத்திருந்ததில் நேரம் போய், லேவி சென்று சேர்ந்தபோது காப்பாற்ற வழியில்லை, அவர் இறந்துபோகிறார். கொதித்தெழுந்த ஊரார் ஆயுதம் எடுக்கத் துணிகிறார்கள். லேவி தடுக்கிறார். சில நாளில் இளைஞர்கள் தெருவில் ஒரு நாடகம் போடுகிறார்கள்: வெள்ளை மருத்துவன் நோயாளியைக் காப்பாற்ற முயல, கறுப்பு மருத்துவன் மறிக்கிறான், ரோமின் பேரால் வரும் கொடூர முகமூடி கறுப்பன் பக்கம் சாய்கிறது. எழுதிவைத்த வசனமில்லை, ஒத்திகைக்குக் கொட்டகையில்லை. நடந்தது என்ன, குற்றவாளி யார், அவனுக்குப் பின்னால் நிற்பது யார் என்று அத்தனையும் அந்த நாடகத்தில் இருக்கிறது. இதைவிடத் தெளிவான அரசியல் அறிவு வேறெது? லேவி அந்தக் காட்சியை நெஞ்சுருக எழுதுகிறார். ஆனால் அது தம் வாதத்தையே உடைப்பதை அவர் கவனிப்பதில்லை.

ஏன் கவனிக்கவில்லை? காலம் நின்றுபோயிருந்தது அவருக்குத்தான் என்று நினைக்கிறேன். கல்லறைத் தோட்டத்துக்கு அப்பால் நடக்க அவருக்கு அனுமதியில்லை. வெயில் தாங்காமல், வெட்டிவைத்த குழிக்குள் இறங்கிப் படுத்து வானத்தைப் பார்த்திருக்கிறார். எட்டு ஆண்டுகள் கழித்து 1943, 44இல் இதை எழுதியதும், ஜெர்மானியர் பிடியிலிருந்த புளோரன்ஸில் ஒளிந்திருந்தபோதுதான். கைதியின் நாள்களுக்குத்தான் அப்படி அசைவே இருக்காது. தம் உள்ளத்தின் தேக்கத்தை ஊரின் இயல்பென்று அவர் எழுதிவிட்டார்.

இதைவிடக் கடுமையாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. வீட்டு வேலை செய்த ஜூலியா, படம் வரைந்தால் வரைபவருக்குத் தன்மேல் வசியம் உண்டாகிவிடும் என்று அஞ்சி மறுக்கிறாள். லேவி மிரட்டி, கை ஓங்கி, அடித்தும் அவளை உட்காரவைக்கிறார். அடி விழுந்ததில் அவள் முகம் மலர்ந்தது என்றும் எழுதுகிறார். நோயாளியின் பக்கத்தில் விடிய விடிய இருந்த மனிதர், இந்த இடத்தில் ஒரு வரிகூடத் தம்மைக் கேள்வி கேட்டுக்கொள்ளவில்லை. அவளை ஆதிகாலப் பெண்ணாக, சூனியக்காரியாகப் பார்த்துப் பழகியதன் விளைவு இது. மனிதர்களைக் காலத்துக்கு வெளியே நிறுத்தினால் அவர்களுடைய மறுப்பும் மறுப்பாகத் தெரியாமல் போகிறது.

கம்யூனிஸ்ட் விமர்சகர் மாரியோ அலிகாத்தா 1954இலேயே லேவியின் இந்தப் பார்வையை எதிர்த்தார். அதற்குள் நிகழ்ச்சிகளும் பதில் சொல்லியிருந்தன. 1946இல் அதே வட்டாரத்துத் திரிகாரிகோவில் ரோக்கோ ஸ்கோத்தெல்லாரோ என்ற இளங்கவிஞர் மேயரானார். 1949இல் மொன்தெஸ்காலியோசோ விவசாயிகள் பெருநிலக்கிழார்களின் நிலங்களில் இறங்கினார்கள். ஆனாலும் அலிகாத்தாவின் தராசில் பாதி நூல்தான் ஏறியது. மாத்தேராவின் குகை வீடுகளைக் கண்டுவந்த லேவியின் அக்கா லூயிசா சொல்லும் பக்கங்களில், குழந்தைகள் அவர் பின்னால் ஓடிவந்து கேட்பது காசோ மிட்டாயோ இல்லை, மலேரியா மருந்தான கொய்னா. அந்தக் குகைகளை நாட்டின் மனச்சாட்சிமுன் கொண்டுவந்து நிறுத்தியதில் இந்நூலுக்குப் பெரும் பங்குண்டு. அங்கிருந்தவர்களுக்கு வேறு வீடு தரும் சட்டம் 1952இல் வந்தது. கோட்பாட்டால் அல்ல, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னதால் விளைந்த பயன் இது.

என் தீர்ப்பு, சாட்சி லேவியை முழுதாக நம்பலாம் என்பதும், தத்துவவாதி லேவியைத் தள்ளிவிட வேண்டும் என்பதும். ஒரே ஒரு விலக்கு. தூரினில் நண்பர்கள் தெற்கின் பிரச்சினைக்கு அரசே மருந்து என்று வாதிடுவதைக் கேட்டுவிட்டு ரயிலில் திரும்பும்போது, விவசாயிகள் தம்மைத் தாமே ஆளும் தன்னாட்சி ஊராட்சிகளே வழி என்று அவர் முடிவுக்கு வருகிறார். காலம் தொடாத மனிதர்களிடம் யாரும் ஆட்சியை ஒப்படைக்கச் சொல்லமாட்டார்கள். அந்தப் பக்கங்களை எழுதியவர், தெருநாடகம் போட்ட இளைஞர்களை உண்மையிலேயே பார்த்தவர்.