தோழிக்கு யார் தோழி?

அகத்திணை மரபில் தோழிக்குள்ள இடம் பெரிது. தலைவனைத் தடுத்து நிறுத்துபவள் அவள். இரவுக்குறியின் ஏதம் கூறி வரைவு கடாவுபவள் அவள். செவிலி ஐயுறுங்கால் தலைவியின் காதலைப் பக்குவமாக வெளியிட்டு மணத்துக்கு வழிகோலுபவளும் அவளே. இச்செயலுக்கு நம் இலக்கணம் 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர் சூட்டியது. பிறள் காதலுக்காக வாய் திறப்பதை அறமென்று கண்ட மொழி நம் மொழி. ஆயின் அத்தோழிக்கு ஒரு பெயரில்லை. அவளுக்கென ஒரு காதலும் இல்லை.

இதனை மனத்திற்கொண்டு, இக்காலப் புனைகதையுள் ஒருவகையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். மாநகரொன்றில் பேய்பூதங்கள் புகுந்துவிட, அற்புத ஆற்றல் வாய்ந்த பெண்ணொருத்தி அவற்றை எதிர்த்து நிற்கும் கதை அது. ஆங்கிலத்தில் இத்தகைய நூல்கள் மிகுந்துள்ளன. அவற்றுள் பெண்ணுக்குப் பெண் பூணும் நட்பும், சிலவிடத்துப் பெண் பெண்ணையே காதலிக்கும் காதலும் பேசப்படுகின்றன. மேலைநாட்டு விந்தை என்று இவற்றைத் தள்ளிவிடலாமா? தள்ளுமுன் நம் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பார்ப்பதே முறை.

பொருநைக் கரையில் வாழும் நமக்கு ஆற்றல்மிகு பெண்ணின் கதை புதிதன்று. நம்பியவன் கையால் மாண்டு, பேயாய் மீண்டு, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திப் பழிதீர்த்த நீலியை நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டு இசக்கியாகப் பாடுகின்றது. பெரிய எழுத்துப் புத்தகங்களில் வலம்வந்த அல்லியரசாணி மாலையோ, ஆடவரை அண்டவிடாது பெண்படை சூழ மதுரையை ஆண்டவளைக் காட்டுகின்றது. நம் முன்னோர் படித்து மகிழ்ந்த சைத்தூன் கிஸ்ஸாவிலும் வீரமங்கை ஒருத்தி வருகின்றாள்.

இம்மூவரின் முடிவை நோக்குக. இசக்கிக்கு ஆற்றல் வருவது அவள் இறந்த பின்னர்; பழிதீர்க்கையில் அவளுக்குத் தோழி ஒருத்தியுமில்லை. அல்லி உறங்கும்போது அர்ச்சுனன் தாலி கட்டிவிடுகின்றான். அதன்பின் கதை கணவன், மகன் என்று நடக்க, அவளைச் சூழ்ந்திருந்த பெண்கள் ஓரத்துக்கு ஒதுங்குகின்றனர். சைத்தூனின் வீரமும் முகம்மது ஹனீபாவை மணப்பதில் சென்று முடிகின்றது. பெண்ணுக்கு வாளைக் கொடுக்கத் தயங்காத நம் கதைகள், அவளுக்குத் தோழியைக் கடைசிவரை விட்டுவைக்கத் தயங்கின.

அரபு இலக்கியத்தில் இதற்கு மாறான ஒரு கதை உண்டு. யமாமா நாட்டு ஜதீஸ் குலத்தில் தோன்றிய ஸர்க்கா, மூன்று நாள் பயணத் தொலைவில் வருவோரையும் கண்ணால் காணும் ஆற்றல் படைத்தவள். பகைவர் மரக்கிளைகளை ஏந்தி மறைந்து வந்தபோது, "மரங்கள் நடந்து வருகின்றன" என்று அவள் எச்சரித்தாள். ஊரார் நம்பவில்லை. ஊர் அழிந்தது, அவள் கண்கள் பறிக்கப்பட்டன. இந்த ஸர்க்காவை ஹீராவின் மன்னர் நுஃமானின் மகள் ஹிந்த் காதலித்தாள் என்று, பத்தாம் நூற்றாண்டினரான அபுல் ஃபரஜ் அல்-இஸ்பஹானி தம் கிதாபுல் அகானியில் குறித்துள்ளார். ஸர்க்கா இறந்தபின் ஹிந்த் தன் கூந்தலைக் களைந்து, துறவு பூண்டு, மடமொன்று எழுப்பினாள் என்பது பிறிதொரு நூலின் கூற்று.

இருவர் காலமும் வெவ்வேறு. ஆதலின் இது வரலாறன்று, கதையே. கதையாயின், அதனைக் கட்டியோர் ஏன் கட்டினர் என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய கேள்வி. எவரும் நம்பாத ஒருத்திக்கு, நம்பிக்கை மாறாத ஒருத்தியைத் துணையாக்க விரும்பினர் என்பதே நாம் காணும் விடை. இப்னுன் நதீமின் ஃபிஹ்ரிஸ்த் (கி.பி. 987) ரைஹானாவும் கரன்ஃபுலும், ருகையாவும் கதீஜாவும் எனப் பெண் இணைகளின் பெயர்தாங்கிய நூல்கள் பலவற்றைப் பட்டியலிடுகின்றது. நூல்கள் மறைந்தன, பெயர்களே எஞ்சின. இவ்வுறவு பற்றிய சட்டத்தை ஃபிக்ஹு நூல்கள் கூறும். அது வேறு துறை. மனித உள்ளத்தில் நிகழ்வதைப் பதிவுசெய்ய அதபு எனும் இலக்கியத்துறை அஞ்சவில்லை என்பதே நாம் சுட்டுவது.

இப்போது புதிய நூலுக்கு வருவோம். ஜப்பானிய வழிவந்த அமெரிக்கரான சாரா கூன் எழுதிய 'ஹீரோயின் காம்ப்ளெக்ஸ்' 2016இல் வெளிவந்தது. களம் சான்பிரான்சிஸ்கோ. இனிப்புப் பண்டத்தின் உருவிலும் ஷைத்தான்கள் வந்து கடிக்கும் வேடிக்கைக் கதை. நகர் போற்றும் வீராங்கனை அவேடா ஜூபிடர். அவளுடைய பணிகளையெல்லாம் கவனிப்பவள் இளமைத் தோழி ஈவி தனாகா. அவேடாவின் கணுக்கால் சுளுக்கிக்கொள்ள, ஈவி அவள் வேடம் பூண நேர்கின்றது. தன்னுள் அடக்கிவைத்திருந்த நெருப்பாற்றலை அவள் அதன்பின்னரே ஏற்கத் துணிகின்றாள். பேய்களோடு நடக்கும் போரினும், ஏவுபவளும் ஏவல் செய்பவளுமாயிருந்த இருவர் சமமான தோழியராவதே இந்நூலின் மெய்யான போர். அதில் ஆசிரியர் வெற்றி கண்டுள்ளார்.

இக்குழுவின் மெய்க்காப்பாளர் லூசி. அவள் விரும்புவது பெண்களை. அவளும் ரோஸ் என்னும் பெண்ணும் கொள்ளும் காதலை 'அன்சங் ஹீரோயின்' (2019) என்னும் குறுநாவல் கூறுகின்றது. பிறரைக் காக்கும் துணைவிக்கும் நெஞ்சமுண்டு என்று நின்று பேசியமை இதன் சிறப்பு. குறையும் இங்கேயே உள்ளது. நாயகியரின் ஆண்காதலுக்கு முழு நாவல்கள் அமைய, லூசியின் காதலுக்கு இரு நாவல்களுக்கிடையே ஒரு சிறுநூலே வாய்த்தது. தோழியை ஓரத்தில் நிறுத்தும் பழக்கம் புதிய கதையையும் முற்றாக விடவில்லை.

இவையெல்லாம் வெறுங்கதை என்பார்க்கு ஒன்று கூறுவோம். அல்லி ஆண்டதாகச் சொல்லும் அதே மதுரையிலிருந்து இரு பெண்கள், தம் அன்பைக் குடும்பத்தார் ஏலாமையால் சென்னைக்குச் சென்று உயர்நீதிமன்றத்தில் பாதுகாப்பு வேண்டினர். நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்கு விளக்கம் தேவையென வெளிப்படையாகக் கூறி, உளவியலார் ஒருவரிடம் கேட்டறிந்தபின், 2021 ஜூன் 7 அன்று அவர்கட்குச் சார்பான ஆணை பிறப்பித்தார். செவிலியும் நற்றாயும் செவிமடுக்க மறுத்தவிடத்து, அறத்தொடு நிற்கும் வேலை நீதிமன்றத்தின்மேல் விழுந்தது.

அவ்வேலை முதலில் இலக்கியத்துக்குரியது. ஆற்றல் மிக்க பெண்ணைப் படைக்கும் எந்த ஆசிரியரிடமும் நாம் கேட்க வேண்டியது, அவள் எத்தனை பூதங்களை வென்றாள் என்பதன்று. மரங்கள் நடந்து வருகின்றன என்று அவள் சொல்லும்போது அருகில் நின்று நம்புகின்றவள் யார்? கதை முடியும்போது அவள் உடனிருக்கின்றாளா? அவளுக்கும் ஒரு பெயருண்டா, ஒரு காதலுண்டா? இவ்வினாக்களுக்கு விடைதரும் நூல் எம்மொழியில் வரினும் வரவேற்போம். தமிழில் வருமாயின், பெயரின்றிப் பேசிய அச்சங்கத் தோழிக்கு நாம் பட்ட கடன் சிறிது தீரும்.