நூற்று எழுபத்தாறும் பதினாறும்

மரக்காணத்து உப்பளங்களை விட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி வருவோர், புதுச்சேரி நகரை அடைவதற்குள் மூன்று முறை எல்லை கடக்கின்றனர். கனகசெட்டிகுளமும் காலாப்பட்டும் புதுச்சேரி மண்; அவற்றைத் தாண்டினால் பொம்மையார்பாளையம் மீண்டும் தமிழ்நாடு. மேற்கே செம்மண் மேட்டில் ஆரோவில். மனித குலம் முழுமைக்கும் உரியதென்று 1968இல் 124 நாடுகளின் மண்ணைத் தாழியிலிட்டுத் தொடங்கிய அந்நகருக்கும் எல்லைக்கோட்டிலிருந்து விலக்குக் கிடைக்கவில்லை. பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்திலும் சிறுபகுதி புதுச்சேரியிலுமாகக் கிடக்கிறது. அப்பால் கோட்டக்குப்பம். நம் சமுதாயத்தார் நிறைந்து வாழும் அவ்வூர் முடிந்ததும் முத்தியால்பேட்டை தொடங்கிவிடுகிறது. மூத்த மகளை இப்புறத்திலும் இளையவளை அப்புறத்திலும் கட்டிக்கொடுத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்தக் கோடு, பெட்ரோல் விலையிலும் குடும்ப அட்டையிலும்தான் தென்படும்.

குடியரசுத் தலைவர் தேர்தலிலும் அது தென்படுகிறது. வானூர்த் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அத்தேர்தலில் இடும் வாக்கின் மதிப்பு 176. முத்தியால்பேட்டை உறுப்பினருடைய வாக்கின் மதிப்பு 16. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து, "பதினொன்றில் ஒரு பங்குதானா?" என்று வருந்துவோர் உண்டு. அவ்வருத்தம் இடம் தவறியது என்பதை முதலிலேயே கூறிவிடுவோம். குறை வேறோரிடத்தில் இருக்கிறது.

அரசியலமைப்பின் 55ஆம் பிரிவு வகுத்த கணக்கு எளியது. ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையை அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மீண்டும் ஆயிரத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பதே ஓர் உறுப்பினருடைய வாக்கின் மதிப்பு. தமிழ்நாட்டில் 234 உறுப்பினர். 1971இன் மக்கள்தொகை நான்கு கோடியே பன்னிரண்டு இலட்சத்துக்குச் சிறிது குறைவு. புதுச்சேரியில் 30 உறுப்பினர். மக்கள்தொகை நான்கு இலட்சத்து எழுபத்தோராயிரம் சொச்சம். வானூர் உறுப்பினர் பெருந்திரளின் சார்பில் நிற்கிறார். முத்தியால்பேட்டையார் சிறு கூட்டத்தின் சார்பில் நிற்கிறார். இருபுறமும் ஆயிரம் பேருக்கு ஒரு வாக்கு என்பதே அளவு. சட்டம் செய்தோர் எண்ணியதும் அதுதான்: மாநிலங்களுக்கிடையே பிரதிநிதித்துவ அளவு இயன்றவரை ஒரே சீராயிருக்க வேண்டும். எல்லாச் சட்டமன்றங்களின் வாக்கு மதிப்பையும் கூட்டி, நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே பகிர்ந்து, மத்திக்குப் பாதி, மாநிலங்களுக்குப் பாதி என்று தராசை நிறுத்தியதும் செப்பமான வேலையே.

(அந்தத் தராசில் ஏற்றப்படாமலே போனவர்களும் உண்டு. 1967இல் ஜாகிர் ஹுசைன் அவர்களும் 1974இல் ஃபக்ருத்தீன் அலி அஹ்மத் அவர்களும் தேர்வானபோது புதுச்சேரிச் சட்டமன்றத்தாருக்கு வாக்கே கிடையாது. 1992இன் எழுபதாம் திருத்தமே அவ்வுரிமையை வழங்கியது. இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்கள் 2002இல் 9,22,884 மதிப்புள்ள வாக்குகள் பெற்று வென்றபோது அவர்களும் வாக்களிக்க உரிமை பெற்றிருந்தனர். 2022இலோ காஷ்மீரில் சட்டமன்றம் இல்லாதிருந்தமையால், அதற்குரிய 6,264 வாக்குகள் கணக்கிலேயே வரவில்லை.)

இனிக் குறைக்கு வருவோம். அளவு ஆயிரத்துக்கு ஒன்று. ஆனால் எந்த ஆண்டின் ஆயிரம்? 1976இல் வந்த நாற்பத்திரண்டாம் திருத்தம், 2000ஆம் ஆண்டுக்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வெளியாகும்வரை 1971இன் தொகையே நிற்கும் என்றது. 2001இன் எண்பத்து நான்காம் திருத்தம் அக்கெடுவை 2026க்குப் பிந்திய முதற் கணக்கெடுப்பு வரை நீட்டியது. இடையே பிறந்தவர்கள் பேரன் பேத்தி கண்டுவிட்டார்கள். அளவு மட்டும் அசையவில்லை.

2011இன் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு நாமே வகுத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டின் மொத்த மதிப்பு 41,184. அன்றைய மக்கள்தொகை 7,21,47,030. ஆக ஒரு வாக்குக்கு 1,752 பேர். புதுச்சேரியின் மொத்த மதிப்பு 480, மக்கள்தொகை 12,47,953. ஒரு வாக்குக்கு 2,600 பேர். கோட்டக்குப்பத்து மூத்தவளின் வீட்டார் முத்தியால்பேட்டை இளையவளின் வீட்டாரைக் காட்டிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமாக நிறுக்கப்படுகின்றனர். நாகூருக்கும் காரைக்காலுக்கும் இடையிலும் இதே கணக்குத்தான்.

இந்த உறைநிலைக்குக் கூறப்படும் நியாயம் யாவரும் அறிந்ததே. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னின்ற மாநிலங்கள் அதன் காரணமாகவே செல்வாக்கு இழக்கலாகாது என்பர். அந்நியாயத்தை நாம் எள்ளவில்லை. கேரளத்தையும் உத்தரப் பிரதேசத்தையும் ஒப்பிடும்போது அதில் பொருளிருப்பதாகவே தோன்றும். ஆனால் கோட்டக்குப்பத்து வீதியில் அது நிற்காது. புதுச்சேரியார் பிள்ளைகளைப் பெற்றுக் குவித்தவர்கள் அல்லர். அங்கும் பிறப்பு விகிதம் தமிழ்நாட்டைப் போலவே தாழ்ந்திருக்கிறது. மருத்துவமனை, கல்லூரி, தொழிற்சாலை என்று பிழைப்பைத் தேடி வந்து குடியேறியவர்களாலும் பெருகியது அவ்வூர். வந்தவர்களுள் கணிசமானோர் விழுப்புரத்தாரும் கடலூராருமே. திண்டிவனத்திலிருந்து பெயர்ந்து முத்தியால்பேட்டையில் குடியேறிய ஒருவர் எந்தக் கட்டுப்பாட்டை மீறினார்? கட்டுப்பாட்டுக்குப் பரிசென்று சொல்லப்படும் அளவு, ஊர் மாறியவரைத் தண்டிக்கிறது.

அன்றியும், அந்நியாயம் பிறந்த காலத்தை நம்மவர்கள் மறத்தற்கில்லை. 1976 ஏப்ரலில் அரசு வெளியிட்ட மக்கள்தொகைக் கொள்கை அறிக்கையில்தான் இவ்வுறைநிலை அறிவிக்கப்பட்டது. தில்லித் துருக்மான் வாயிலில் வீடுகள் இடிபட்டதும் துப்பாக்கி முழங்கியதும் அதே மாதத்தில். கட்டாயக் கருத்தடையின் காலம் அது. மக்கள் பெருக்கம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எந்தச் சமுதாயத்தின் பக்கம் விரல் நீளுகிறது என்பதை அறிந்த நாம், 'குறைவாகப் பெற்றவனுக்கு அதிக எடை' என்னும் வாதத்தைத் தமிழ்நாட்டுக்கு இலாபம் என்பதற்காக மட்டும் ஏற்றுக்கொள்வது எப்படி?

அளவில் மோசடி செய்வோரைப் பற்றியே ஒரு தனி அத்தியாயத்தை, அல்முதஃப்பிஃபீனை, ஓதுகிறவர்கள் நாம். தமக்கு வாங்கும்போது நிறைவாக அளந்துகொண்டு பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைத்தான் அது கண்டிக்கிறது.

அமெரிக்காவின் தேர்வாளர் முறையை ஏசாதார் இல்லை. 2000இலும் 2016இலும் மக்கள் வாக்கில் பின்தங்கியவரே அங்கு அதிபரானார். எனினும் அவர்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை எடையைப் புதுப்பிக்கிறார்கள். 2020 கணக்கெடுப்புக்குப் பின் டெக்சாஸ் இரண்டு வாக்குகள் பெற்றது, கலிபோர்னியா ஒன்றை இழந்தது. இலங்கையில் இத்தொல்லையே இல்லை. நேரடித் தேர்தலாதலால் காத்தான்குடி வாக்காளரும் கொழும்பு வாக்காளரும் ஒரே எடை. 2024இல் எவருக்கும் பாதி கிட்டாதபோது இரண்டாம் விருப்பு வாக்குகளையும் எண்ணி முடிவு கண்டனர். நம் குடியரசுத் தலைவர் ஆட்சி நடத்துபவர் அல்லராதலால் நேரடித் தேர்தல் இங்கு வேண்டுவதில்லை என்பதே நம் கருத்து.

வேண்டுவது இதுதான். மக்களவை இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிடும் வழக்கையும் குடியரசுத் தலைவர் தேர்தலின் வாக்கு மதிப்பையும் 1976இல் ஒரே முடிச்சில் கட்டிவிட்டார்கள். அதை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்க முடியாத முடிச்சும் அன்று: 2003இன் எண்பத்தேழாம் திருத்தம், மாநிலங்களுக்கிடையே 1971இன் அளவை வைத்துக்கொண்டே, மாநிலத்துக்குள் தொகுதிகளை 2001இன் தொகைப்படி வரைய இடமளித்தது. ஒரே சட்டத்தில் இரண்டு ஆண்டுகளின் கணக்கு உடன் வாழ்ந்திருக்கிறது.

"தமிழ்நாடு தன் பங்கைத் தானே குறைத்துக்கொள்வதா?" என்பார்கள். குறையும், மறைக்க வேண்டியதில்லை. 2011இன்படி தமிழ்நாட்டு உறுப்பினரின் மதிப்பு 308 ஆகும். இன்று 129இல் நிற்கும் இராஜஸ்தான் உறுப்பினர் 343ஐ எட்டி நம்மை முந்துவார். சட்டமன்றங்களின் பாதியில் நம் பங்கு ஏழரை விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ ஆறுக்கு இறங்கும். ஆயினும் இழப்பு அப்பாதியில் மட்டுமே. நாடாளுமன்றப் பாதியில் நம் 57 உறுப்பினர்களின் பங்கு இடப் பங்கீடு மாறாதவரை அப்படியே இருக்கும். கூட்டாட்சியின் உரிமைப் போரை நடத்த வேண்டிய களம் அந்த இடப் பங்கீடே. அங்கு நம் குரல் உரக்க ஒலிக்கட்டும். பழைய படிக்கல்லை மடியில் மறைத்துக்கொண்டு அங்கே போய் நியாயம் கேட்பது நமக்கு அழகன்று.

திரௌபதி முர்மு அவர்களின் பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிவுறும். அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் முதல் நாளே ஆதார நாளென 2025இல் அறிவிக்கப்பட்டது. நான்கே மாத இடைவெளியில் தொகை வெளியாகித் திருத்தமும் நிறைவேறுவது அரிது. அவருக்குப் பின் வருபவரைத் தேர்ந்தெடுக்கும் நாளிலும் வானூர் உறுப்பினர் 176உடனும் முத்தியால்பேட்டை உறுப்பினர் 16உடனுமே வாக்குச்சாவடி ஏறுவார்கள்.