முந்திரிப் பிசினும் கல்லீரலும்

ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காடுகளில் மரத்தின் அடியில் பிசின் வடிந்து, கூடவே மரத்தூளும் உதிர்ந்து கிடந்தால், தண்டு துளைப்பான் உள்ளே இறங்கிவிட்டது என்று விவசாயி கவலைப்படுவார். அதே பிசினை மருந்து சுமக்கும் பொருளாக ஆய்வுக்கூடங்கள் சோதித்து வருகின்றன. முந்திரியின் தாயகமான பிரேசிலில் இந்த வேலை அதிகம். பிசின் ஒரு பாலிசாக்கரைடு, அதாவது பல சர்க்கரைகள் கோத்த நீண்ட சங்கிலி. அதில் காலக்டோஸ் என்ற சர்க்கரையே மிகுதி.

ஆய்வாளர்களை ஈர்ப்பது இந்தக் காலக்டோஸ்தான். கல்லீரலின் முதன்மைச் செல்களான ஹெபடோசைட்டுகளின் மேல், காலக்டோஸைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் ஏராளம். ஆஷ்வெல், மோரெல் ஆகியோரின் ஆய்வுகள் 1960, 70களில் இதை வெளிக்கொண்டுவந்தன. ஏற்பி சர்க்கரையைப் பிடித்ததும் செல்சவ்வு உட்குழிந்து அதை விழுங்குகிறது. உள்ளே அமிலத்தன்மை கூடியதும் சர்க்கரை கழன்றுவிட, ஏற்பி சில நிமிடங்களில் மேற்பரப்புக்குத் திரும்புகிறது. பிசினோடு மருந்தும் இவ்வழியே உள்ளே போகலாம் என்று கேட்கும்போதே நம்பிக்கை பிறக்கிறது.

ஆனால் ஏற்பிக்குத் தெரிவது கிளையின் நுனியில் இருக்கும் சர்க்கரை மட்டுமே. பிசினில் காலக்டோஸ் எவ்வளவு இருந்தாலும், நுனியில் வேறு சர்க்கரை உட்கார்ந்திருந்தால் பயனில்லை. மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் பிசினின் அமைப்பும் மாறும். அளவும் ஒரு தடை: கல்லீரல் ரத்த நுண்குழல்களின் துளைகள் சுமார் 100 நானோமீட்டர்தான். அதைவிடப் பெரிய துகள் ஹெபடோசைட்டை எட்டுவது கடினம். வழியில் கல்லீரலின் காவல் செல்களான குப்ஃபர் செல்கள் அதை விழுங்கிவிடும். வேறு செல்களும் போட்டிக்கு உண்டு: ஹயலூரோனிக் அமிலம் என்ற பாலிசாக்கரைடைப் பெரும்பாலும் நுண்குழலின் சுவர்ச்செல்களே எடுத்துக்கொள்கின்றன. ஆக, 'கல்லீரலில் சேர்ந்தது' என்ற அளவீட்டை வைத்து 'ஹெபடோசைட்டில் சேர்ந்தது' என்று முடிவுகட்டுவது இத்துறையில் எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. முதிர்ந்த கல்லீரல் புற்றுநோயில் இந்த ஏற்பியே குறைந்துபோவதும் உண்டு.

வென்றதோ ஒரு சின்ன இணைப்புதான். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிவோசிரான் என்ற மருந்து, மூன்று சர்க்கரை நுனிகள் கொண்ட சிறு இணைப்பின் துணையால் அதே ஏற்பி வழியே நுழைகிறது. அதன் அமைப்பு ஒவ்வொரு முறையும் ஒன்றே. பிசினுக்கு இல்லாத பலம் அது.

மருந்தைப் பொதியும் உறையாக முந்திரிப் பிசின் பயன்படலாம், அந்த ஆய்வு நம் ஊர்ப் பிசினிலும் நடக்க வேண்டும். கல்லீரல் செல்லைத் தேடிப்போகும் மருந்து என்று சொல்வதை மட்டும், எந்தச் செல் எவ்வளவு எடுத்தது என்று பிரித்துக் காட்டும்வரை ஏற்கக் கூடாது.