கற்கும் ரோபோக்களும் குவாண்டம் பொறியும்

தாமே கற்கும் ரோபோக்களைக் கூட்டங்கூட்டமாக வழிநடத்தக் குவாண்டம் கணிப்பொறி வல்லது என்னும் கூற்று இந்நாளில் அறிவியல் எழுதுவோரிடையே பெரிதும் வழங்குகின்றது. இக்கூற்றில் மூன்று பொருள்கள் உள. குவாண்டம் பொறி ஒன்று, கற்றல் ஒன்று, உண்மையான ரோபோக்களின் கூட்டம் ஒன்று. மூன்றும் ஓரிடத்தில் கூடியுள்ளனவா என்று ஆராயாமல் இதனை ஏற்பதும் முறையன்று, தள்ளுவதும் முறையன்று. ஆராய்தற்கு இரண்டு ஆய்வுகள் பொருத்தமானவை. ஒன்று 2019இல் ஜப்பானியர் வெளியிட்டது. மற்றது 2020இல் நெதர்லாந்தின் டிஎன்ஓ ஆய்வு நிறுவனத்தார் வெளியிட்டது.

முன்னது மசாயுக்கி ஓசெக்கியும் அவர்தம் உடனாய்வாளரும் செய்தது. ஜப்பானில் உள்ள உண்மையான தொழிற்சாலை ஒன்றே அவர்கள் எடுத்துக்கொண்ட களம். அங்கே ஆளில்லா வண்டிகள் பொருள்களைச் சுமந்து ஓடுகின்றன. வண்டி ஒவ்வொன்றுக்கும் செல்லத்தக்க வழி மூன்று எனக் கொள்க. பத்து வண்டிகளென்றால் 59,049 வகை ஏற்பாடுகள். இருபதென்றால் 348 கோடிக்கும் மேல். இவற்றுள் எந்த ஏற்பாட்டில் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டாமலும் வீணே காத்து நில்லாமலும் ஓடும்? ஓசெக்கி குழுவினர் இதனை ஒரு கணக்காக்கினர். ‘இவ்வண்டி இவ்வழியே செல்லும்’ என்றால் 1, செல்லாதென்றால் 0. இரு வண்டிகள் ஒரே வேளையில் ஒரே இடத்தை நாடினால் கணக்கில் தண்டம் ஏறும். தண்டம் மிகக் குறைந்த ஏற்பாடே வேண்டிய விடை.

இக்கணக்கை அவர்கள் டி-வேவ் 2000கியூ என்னும் குவாண்டம் பொறியிடம் கொடுத்தனர். அதனோடு நில்லாமல் புஜித்சு நிறுவனத்தின் பொறியிடமும், வழக்கமான கணிப்பொறிகளிடமும் கொடுத்துப் பார்த்தனர். புஜித்சுவின் பொறி குவாண்டம் பொறியன்று. அத்தகைய கணக்குகளுக்கென்றே அமைந்த மின்னிலக்கப் பொறி. இங்கேதான் வாசகர் ஊன்றிப் பார்க்க வேண்டும். பழைய முறையைவிட வண்டிகள் தடையின்றி ஓடின என்பது ஆய்வின் முடிவு. ஆனால் அச்சிறப்பு முதற்கண் கணக்கை அமைத்த முறைக்கு உரியது. அதைத் தீர்த்த பொறிக்கு உரியதன்று. குவாண்டம் பொறி விரைந்து விடை தந்தது, சில வண்டிகளே இருந்தபோது. மாறிகள் மிகுந்த பெருங்கணக்கையும் விரைவாகத் தீர்த்தது மின்னிலக்கக் கணிப்பொறியே.

காரணம் பொறியின் அமைப்பிலேயே இருக்கிறது. 2000கியூவில் ஏறத்தாழ 2,000 கியூபிட்டுகள் உண்டு. ஆயினும் ஒரு கியூபிட்டு மிகுதியாகப் போனால் ஆறு கியூபிட்டுகளோடுதான் நேரே தொடர்பு கொள்ளும். எல்லா மாறிகளும் எல்லாவற்றோடும் பிணைந்த கணக்காயின், ஒரு மாறிக்குப் பல கியூபிட்டுகளைச் சங்கிலியாகக் கோக்க நேரும். அவ்வாறு கோத்தால் 2,000 என்பது சுமார் 64 மாறிகளாகச் சுருங்கிவிடும். வண்டிக்கு மூன்று வழி என்ற மேற்சொன்ன கணக்கில் இருபத்தொரு வண்டிகளோடு இடம் தீர்ந்தது! 2020இல் வந்த அட்வான்டேஜ் என்னும் பொறியில் கியூபிட்டுகள் 5,000க்கு மேல், தொடர்புகள் பதினைந்து என நிலை உயர்ந்தது உண்மை. இடர்ப்பாட்டின் இயல்பு மாறவில்லை.

‘குவாண்டம் பொறி எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் நடந்து பார்த்துச் சிறந்ததைச் சொல்லிவிடும்’ என்று மாணவர்க்குச் சொல்வோரும் உளர். இது பிழை. 1998இல் கடோவாக்கியும் நிஷிமோரியும் விளக்கிய இம்முறைக்குப் பெயர் கொல்லுலையிலிருந்து வந்தது. காய்ந்த உலோகம் மெல்ல ஆறி அமைதி பெறுவதுபோல், பொறி மெல்ல மெல்ல ஆற்றல் குறைந்த நிலையில் படிகிறது. படிந்த இடமே மிகத் தாழ்ந்த இடம் என்பதற்கு உறுதியில்லை. ஆதலால் பலமுறை ஓட்டி, கிடைத்தவற்றுள் நல்லதை எடுத்துக்கொள்கின்றனர்.

இனி, கற்றல் எங்கே? ஜப்பானிய வண்டிகள் எதையும் கற்கவில்லை. கொடுத்த வழியில் ஓடின, அவ்வளவே.

டிஎன்ஓ ஆய்வில் கற்றல் உண்டு. பரிசும் தண்டமும் பெற்றுப் பெற்றுச் செயலைத் திருத்திக்கொள்ளும் முறை அது. போல்ட்ஸ்மன் பொறி எனப்படும் அமைப்பைக் குவாண்டம் முறையில் இயக்கி, ஒருவர்க்கென இருந்த பயிற்சியைப் பலர்க்கும் விரித்தனர். கற்றல் மேம்பட்டது என்கின்றனர். உண்மைப் பொறியிலும் போலி ஓட்டத்திலும் பார்த்தனர். ஆனால் கற்றவை ரோபோக்களல்ல. கட்டம் போட்ட வரைபடத்தில் இடம்பெயரும் குறிகள்! சக்கரம் வழுக்காது, மின்கலம் தீராது, கண்ணை மறைக்கும் தூசியில்லை.

கூட்டமாகக் கற்பதன் உண்மையான சிக்கலோ வேறு. ஒரு ரோபோ தன் தோழர் நடக்கும் வகையை அறிந்து தன் நடையை அமைக்கிறது. அதே வேளையில் தோழரும் கற்று நடையை மாற்றிவிடுகின்றனர். நேற்று மெய்யென்று கற்றது இன்று பொய்யாகிறது. செலவுகள் முன்னரே தெரிந்திருந்தால் அவற்றுள் குறைந்ததைத் தேடித் தருவது குவாண்டம் பொறியின் தொழில். அச்செலவுகளையே தரையில் ஓடி அறிய வேண்டுமென்றால், ஓடுதற்கு ஆகும் நேரத்தை எப்பொறி குறைக்கும்? பொறியின் கணக்கு ஒரு முறைக்குச் சில பத்து மைக்ரோ வினாடிகளில் முடியலாம். வண்டி ஒரு மூலை திரும்பச் சில வினாடிகள் வேண்டும்.

இவ்விரு ஆய்வுகளுள் ஜப்பானியருடையதே மேலானது. களம் உண்மையானது என்பதோடு, தம் பொறியின் குறையைச் சுருக்கவுரையிலேயே அவர்கள் மறைக்காமல் எழுதினர். குவாண்டம் பொறி விரைவானது என்று தொடங்கும் அவ்வாக்கியம், அது சில வண்டிகளையே கையாளும் என்று தொடர்கின்றது. முற்பாதியை மட்டும் பெயர்த்தெழுதுவோர் கையில்தான் அது வேறு செய்தியாகிவிடுகின்றது.